அட்டாரி குப்பைக்குழியைத் தோண்டியதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

ஜாய்ஸ்டிக் ஜம்பு:

நம் குழுவில் ஒருவர் நேற்று தனிமடலில் ஒரு படம் அனுப்பி, "வாங்கலாமா?" என்று கேட்டார். அட்டாரி வீடியோ கேம் இயந்திரத்தில் செருகி விளையாடுகிற, நசுங்கிய ஈ.டி. கார்ட்ரிட்ஜ். பெட்டியின் ஒரு மூலை பிய்ந்து மண் அப்பியிருக்கிறது. கூடவே அலமொகார்டோ நகராட்சியின் சொத்து எண் போட்ட வில்லை, ஒரு சான்றிதழ். விலை ஆயிரம் டாலருக்கு மேல். மண்ணையே பார்க்காத, நன்றாக வேலை செய்கிற அதே ஈ.டி. கார்ட்ரிட்ஜ் மிக மலிவாகக் கிடைக்கும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானை இறந்து, புதைந்து, தோண்டி எடுத்தால்தான் ஆயிரம் பொன்.

புதியவர்களுக்குக் கதைச் சுருக்கம். 1982 ஜூனில் ஈ.டி. என்ற ஹாலிவுட் படம் வந்து சக்கைப்போடு போட்டது. அதை விளையாட்டாக்கும் உரிமையை அமெரிக்க வீடியோ கேம் நிறுவனமான அட்டாரி பெரும் தொகை கொடுத்து வாங்கியது. ஆனால் நிரல் எழுத அட்டாரியின் நிரலாளர் ஹோவர்டு ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தது ஐந்து வாரம்தான். கிறிஸ்துமஸுக்குள் கடைக்கு வந்தாக வேண்டும். வழக்கமாக ஐந்தாறு மாதம் பிடிக்கிற வேலை. சுமார் 40 லட்சம் கார்ட்ரிட்ஜ் செய்தார்கள், பெரும்பகுதி விற்காமல் திரும்பி வந்தது. 1983 செப்டம்பரில் டெக்சாஸின் எல் பாசோ நகரிலிருந்து அட்டாரி சரக்கு லாரி லாரியாகப் போய், நியூ மெக்சிகோவின் அலமொகார்டோ குப்பைமேட்டில் இறங்கியது. நசுக்கிப் புதைத்து, மேலே கான்கிரீட்டும் ஊற்றினார்கள். 2014 ஏப்ரல் 26 அன்று ஓர் ஆவணப்படக் குழு அதைத் தோண்டியது. சுமார் 30 அடி ஆழத்தில் சரக்கு கிடைத்தது.

என் கட்சி இதுதான்: அதைத் தோண்டியிருக்கவே வேண்டாம். புதைத்த செய்தியை 1983-லேயே உள்ளூர்ப் பத்திரிகையும் நியூயார்க் டைம்ஸும் எழுதிவிட்டன. ஊர் தெரியும், மாதம் தெரியும், புதைக்கும் வேலையை மேற்பார்த்த ஜேம்ஸ் ஹெல்லர் உயிரோடு இருந்தார், தோண்டிய அன்று அவரே நேரில் வந்து நின்றார். இதில் கண்டுபிடிக்க என்ன இருந்தது? கேமராவுக்கு ஒரு காட்சி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நான்காம் குழி:

ஜம்பு அண்ணா, இந்தப் பேச்சை நான் சும்மா விட முடியாது. ஐந்து வருடம் அகழாய்வுக் குழிகளில் உட்கார்ந்து எழுந்தவள் நான். எங்கள் தொழிலே, ஊரார் வேண்டாமென்று எறிந்ததைப் பொறுக்குவதுதான். அரண்மனையும் பொற்காசும் அபூர்வம். உடைந்த சட்டி, கரி, எலும்பு, கூரை ஓட்டுத் துண்டு, இதுதான் அன்றாடம். ஒரு நாள் முழுக்க பிரஷ் பிடித்துச் சுத்தம் செய்தது, யாரோ சோறு பொங்கிக் கரிபிடித்த ஒரு பானையின் வாய்ப்பகுதி. "இது குப்பை" என்று சொன்னால் எங்களுக்கு ஆர்வம் கூடத்தான் செய்யும்.

"பத்திரிகையில் வந்துவிட்டது" என்கிறீர்கள். என்ன வந்தது? லாரிகள் வந்தன என்று வந்தது. உள்ளே என்ன இருந்தது? பெரும்பாலும் உடைந்ததும் பழுதாகித் திரும்பியதும்தான் என்று அட்டாரி தரப்பு சொன்னது. 2014-ல் வெளியே வந்ததைப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத பெட்டிகள், கையேடுகள், விளம்பரக் கையேடுகள், விளையாட்டு இயந்திரத்தின் பாகங்கள். உறை பிரிக்காத பெட்டி எப்படிப் பழுதாகித் திரும்பும்? நிறுவனம் சொன்னதற்கும் மண்ணுக்குள் இருந்ததற்கும் உள்ள அந்த வித்தியாசம் தோண்டாமல் தெரிந்திருக்காது.

நியூ மெக்சிகோவுக்குப் பக்கத்து மாநிலத்திலேயே இதற்கு முன்னோடி உண்டு. அரிசோனா பல்கலைக்கழகத் தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே 1973-ல் டூசான் நகரத்தின் வீட்டுக் குப்பையை ஆராயத் தொடங்கினார். பிறகு குப்பைமேடுகளையே தோண்டினார். பல பத்தாண்டு கழித்தும் படிக்கிற நிலையில் செய்தித்தாள் கிடைத்தது. குப்பைமேட்டில் எல்லாம் மக்கிப்போகும் என்ற நம்பிக்கையே அதோடு உடைந்தது.

பிக்ஸல் பாண்டி:

ஒரு சின்ன சந்தேகம், சிரிக்காதீர்கள். விற்காவிட்டால் பாதி விலைக்குக் கொடுத்திருக்கலாமே? எதற்குப் புதைக்க வேண்டும்?

ரோம்சிப் ராஜாமணி:

பாண்டி தம்பி, பாதி விலை என்ன, கால் விலைக்கே அந்தச் சமயத்தில் கடைகளில் கூடை கூடையாகக் கிடந்தது. யார் வேண்டுமானாலும் அட்டாரிக்கு விளையாட்டு செய்து விற்கலாம் என்றாகி, கண்டவர்களும் கண்டதையும் செய்துவிட்டார்கள். அதற்கு மேல் அட்டாரி தன் வாயாலேயே கெட்டது. 1982-க்குத் தேவையான சரக்குக்கு முன்கூட்டியே மொத்தமாக ஆர்டர் கொடுங்கள் என்று 1981-லேயே வினியோகஸ்தர்களைக் கேட்டது. சரக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் அவர்களும் தேவைக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு ரத்து, ரிட்டர்ன். கிடங்கில் வைத்தால் வாடகை, சந்தையில் விட்டால் புதுச் சரக்கின் விலையையும் இழுத்துக்கொண்டு போகும். குழிதான் மலிவு.

வந்ததற்கு என் தொழில் பக்கமும் ஒரு வார்த்தை. ஈ.டி. கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது நிரலைத் தாங்கும் 8 கிலோபைட் ரோம் சிப். இப்போது நீங்கள் வாட்ஸாப்பில் அனுப்புகிற ஒரு பூங்கொத்துப் படம் இதைப்போல் பல மடங்கு. அது மாஸ்க் ரோம், அதாவது சிப்பைச் செய்யும்போதே தரவை அதன் அமைப்பிலேயே பதித்துவிடுவார்கள். அழிக்க முடியாது, பேட்டரி கிடையாது, காலப்போக்கில் தரவு மங்கிப்போகிற ஈப்ரோம் என்ற சிப் வகை போலவும் இல்லை. அந்த நிரல் பல வருடமாகக் கணினிகளில் நகலாக இருக்கிறது. எனவே விளையாட்டைக் காப்பாற்றத் தோண்டினார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குத் தோண்டவே வேண்டாம். நான்காம் குழி சொல்கிற பெட்டி, உறை, கையேடு விஷயம் வேறு.

ஜாய்ஸ்டிக் ஜம்பு:

ராஜாமணி சார் எனக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்திவிட்டார்.

நான்காம் குழியாரே, ராத்ஜே செய்ததையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அவர் எடை போட்டார், வகை பிரித்தார், வருடக்கணக்கில் செய்தார். அலமொகார்டோவில் நடந்தது என்ன? ஒரு நாள். வேலிக்கு வெளியே கூட்டம். மணல்காற்று கண்ணைத் திறக்கவிடவில்லை. ஆண்ட்ரூ ரெய்ன்ஹார்டு தலைமையில் தொல்லியலாளர்கள் சிலர் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் குழிக்குள் இறங்கி அடுக்கடுக்காகப் பதிவு செய்தார்களா? இயந்திரம் அள்ளிப்போட்டதைப் பிரித்துப் பார்த்தார்கள். அடுக்கு கலைந்தபின் எந்தப் பொருள் எதன் மேல் இருந்தது என்று எப்படிச் சொல்வது? அது உங்கள் பாடத்தின் முதல் பக்கம் அல்லவா?

கணக்கையும் பாருங்கள். புதைத்தது 7,28,000 கார்ட்ரிட்ஜ் என்று ஹெல்லர் சொன்னார். எடுத்தது சுமார் 1,300. ஆயிரத்துக்கு இரண்டு கூட இல்லை. அதுவும் ஒரே இடத்தில் அள்ளியது. அதை வைத்து "குழியில் இருந்தது இதுதான்" என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் சரி, ஆனால் பானையில் ஒரே அரிசியாக இருந்தால்தான்.

நான்காம் குழி:

அடுக்கு கலைந்தது பற்றிச் சொன்னது நியாயம். அங்கே ஆள் இறங்குகிற மாதிரியான குழி இல்லை. 30 அடி, சரிகிற பக்கங்கள், என்ன வாயு வருமென்று தெரியாது. எந்தத் தொல்லியலாளரையும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். இயந்திரம் அள்ளியதை உடனுக்குடன் பதிவு செய்வது கட்டுமான இடங்களில் அவசர அகழாய்வாக நாங்களும் செய்வதுதான். அழகான வேலை இல்லை, ஆனால் எதுவும் இல்லாததற்கு அது மேல்.

ஒரு சோறு பதம் என்றீர்களே, அந்த ஒரு சோற்றிலேயே பல அரிசி இருந்தது, அதைக் கவனியுங்கள். ஈ.டி. பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருந்தது. மிச்சம்? சென்டிபீட், மிசைல் கமாண்ட், டிஃபெண்டர், ஆஸ்டராய்ட்ஸ், வார்லார்ட்ஸ். நன்றாக விற்ற, எல்லாரும் விரும்பிய விளையாட்டுகள் அண்ணா இவை. வார்ஷாவே எழுதிய யார்ஸ் ரிவெஞ்சும் இருந்தது, அட்டாரியின் நல்ல விளையாட்டுகளில் ஒன்றாக இன்றும் சொல்கிறார்களே, அது. முப்பது வருடமாக "ஈ.டி. கல்லறை" என்று கதை சொன்னார்கள். மண்ணைக் கிளறினால் அது ஒரு கிடங்கைக் காலி செய்த இடம். ஒரு கெட்ட விளையாட்டை வெட்கப்பட்டு மறைத்த கதை பொய்யானது. உங்கள் 1,300 முழுக் குழியின் விகிதத்தைச் சொல்லாது, ஒப்புக்கொள்கிறேன். "ஈ.டி. மட்டும்தான்" என்பதைப் பொய்யாக்க 1,300 தாராளம்.

எல் பாசோ வாசு:

நான் எல் பாசோவில் இருக்கிறேன், அதனால் மூக்கை நுழைக்கிறேன். இங்கிருந்து 54-ம் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ஒன்றரை மணி நேரத்தில் அலமொகார்டோ. வழியெல்லாம் பொட்டல், கள்ளிச்செடி, ராணுவ நிலம். இந்தப் பக்கத்து மலை, அந்தப் பக்கத்து மலை, நடுவில் வெயில். முதல் அணுகுண்டைச் சோதித்த இடமும் அங்கிருந்து நூறு கிலோமீட்டர் வாக்கில்தான்.

எங்கள் ஊர்ச் சரக்கை ஏன் அடுத்த மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள்? அலமொகார்டோ குப்பைமேட்டில் பொறுக்க விடமாட்டார்கள், குப்பையை அன்றன்றே நசுக்கி மூடிவிடுவார்கள், அதனால். ஆனால் பையன்கள் விடுவார்களா? செய்தி பரவியதும் உள்ளூர்ப் பிள்ளைகள் புகுந்து கார்ட்ரிட்ஜ்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அப்புறம்தான் கான்கிரீட். கீழே செத்த விலங்குகள் கிடக்கின்றன, பிள்ளைகள் தோண்டி ஏதும் ஆகிவிடக்கூடாது என்று வேலையாள் ஒருவர் காரணம் சொன்னதாக அன்றைய செய்தி.

நீங்கள் இருவரும் பேசாத ஒன்று ஊர்க்காரர்களின் கோபம். எல் பாசோவின் ஆலைக் கழிவைக் கொட்ட நாங்கள்தானா கிடைத்தோம் என்று 1983-லேயே அங்கே எதிர்ப்பு கிளம்பியது. அந்த ஊருக்கு அதற்கு முன்பே ஒரு காயம் உண்டு. 1969-ல் பாதரச மருந்து தடவிய விதைத் தானியத்தைத் தின்ற பன்றியின் இறைச்சியைச் சாப்பிட்டு ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். அந்தப் பன்றிகளும் இதே மேட்டில் புதைந்து கிடப்பதாகப் பேச்சு. 2014-ல் மாநிலச் சுற்றுச்சூழல் துறை எடுத்தவுடன் அனுமதி தராமல் இழுத்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு விளையாட்டுப் பெட்டிக்காக அந்த மண்ணைக் கிளறியது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் ஜம்பு பக்கம், ஆனால் என் காரணம் வேறு.

நான்காம் குழி:

வாசு சார் சொன்ன காரணம் ஜம்பு அண்ணன் சொன்ன எல்லாவற்றையும்விடக் கனமானது. என்னிடம் முழுப் பதில் இல்லை. இடத்தைக் குறித்ததே ஜோ லெவன்டோவ்ஸ்கி என்ற உள்ளூர்க் குப்பை ஒப்பந்தக்காரர்தான். பழைய புகைப்படங்களை வைத்து எந்தப் பள்ளம் என்று வருடக்கணக்கில் கணக்குப் போட்டிருக்கிறார். எந்தப் பகுதியைத் தொடக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும்.

ஜாய்ஸ்டிக் ஜம்பு:

ஏலத்துக்கு வருவோம், எனக்கு எரிகிற இடம் அது. தோண்டி எடுத்ததில் 881 பொருட்கள் ஈபே ஏலத்தளத்தில் விற்றன, மொத்தம் 1,07,930 டாலர். ஓர் ஈ.டி. 1,535 டாலர் வரை போனது. நகராட்சிக்கு 65,000 சொச்சம், உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கு 16,000 சொச்சம். பார்சல் அனுப்பிய வகையில் மட்டும் 26,000-க்கு மேல்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வரலாற்றுச் சங்கத்துக்குப் போனதைவிடத் தபாலுக்குப் போனது அதிகம்.

எந்த அகழாய்வில் கிடைத்த பொருளை அதே வருடமே ஏலம் விடத் தொடங்குவீர்கள்? நீங்கள் தேய்த்த அந்தப் பானை வாயை யாராவது விற்றால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

நான்காம் குழி:

இருக்க மாட்டேன். கழுத்தைப் பிடிப்பேன்.

இந்த ஒரு விஷயத்தில் என் கட்சி பலவீனம். ஒரு சமாதானம் மட்டும்: ஒரே அச்சில் லட்சக்கணக்கில் செய்த பொருள் இது, என் பானை ஒன்றே ஒன்று. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது, அலமொகார்டோவில் உள்ள விண்வெளி அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. நூறு கார்ட்ரிட்ஜ் படக்குழுவுக்குப் போனது, கிட்டத்தட்ட முந்நூறு ஏலத்துக்குப் போகாமல் ஊரிலேயே நின்றது. எண் போட்டு, பட்டியலிட்டு, யாரிடம் போனது என்று தெரிந்து விற்றார்கள். ரகசியமாகத் தோண்டி விற்கிறவனுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இருந்தாலும் எனக்கும் நெருடலாகத்தான் இருக்கிறது.

பிக்ஸல் பாண்டி:

ஈ.டி.யால்தான் அட்டாரி திவாலானது என்று யூடியூபில் சொல்கிறார்களே, அது உண்மையா பொய்யா?

ரோம்சிப் ராஜாமணி:

பாதி உண்மை கூட இல்லை. பேக்மேன் விளையாட்டை எடுத்துக்கொள். அது சுமார் 1.2 கோடி செய்து 70 லட்சம் வாக்கில் விற்றது. அட்டாரியில் அதிகம் விற்றதும் அதுதான், தேங்கியதும் அதுதான். 1982 டிசம்பர் 7-ல் லாபம் எதிர்பார்த்த அளவு வராது என்று அட்டாரியின் தாய் நிறுவனமான வார்னர் அறிவித்தது, மறுநாள் பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. ஈ.டி. அப்போதுதான் கடைக்கு வந்துகொண்டிருந்தது. அது எப்படிக் காரணமாகும்? வீடு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது, இவன் கையில் தீப்பெட்டியோடு உள்ளே நுழைந்தான். அவ்வளவே. 1983-ல் அட்டாரியின் நஷ்டம் 50 கோடி டாலரைத் தாண்டியது, மறு வருடம் வார்னர் கைகழுவியது.

வார்ஷா பாவம். கெட்ட விளையாட்டு செய்தவன் என்ற பெயரை முப்பது வருடம் சுமந்தார். பிறகு மனநல ஆலோசகரானார். தோண்டிய அன்று அவரும் போயிருந்தார், அந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார்.

ஜாய்ஸ்டிக் ஜம்பு:

ராஜாமணி சார், நீங்கள் இப்போது சொன்னதை வைத்தே கேட்கிறேன். தோண்டியதால் இந்த உண்மை பரவியதா? இல்லை. மேலே வந்த முதல் நல்ல ஈ.டி. கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் பிடித்தார்கள், உலகம் பூராவும் "ஈ.டி. கிடைத்தது" என்று தலைப்பு போட்டார்கள். சென்டிபீட் கிடைத்தது என்று யார் போட்டார்? கதையை உடைக்கிற சான்று கையில் இருந்தபோதே கதையைத்தான் விற்றார்கள். ஏலத்திலும் ஈ.டி.க்குத்தான் உச்ச விலை. நான்காம் குழியார் மண்ணில் கண்டது ஒன்று, ஜனங்கள் கண்டது வேறு.

இன்னொரு வேடிக்கை. அந்தப் படத்துக்குப் பணம் போட்டது மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் படப்பிரிவு. படம் 2014 நவம்பரில் வெளியானது. அதற்குள் அந்தப் பிரிவையே மூட முடிவெடுத்துவிட்டார்கள்.

நான்காம் குழி:

தலைப்பு போடுகிறவர்களின் பாவத்தை மண்வெட்டி மேல் ஏற்றாதீர்கள் அண்ணா. தோண்டாவிட்டால் உங்கள் கையில் இந்த வாதமே இருந்திருக்காது. சென்டிபீட் அங்கே கிடந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஜாய்ஸ்டிக் ஜம்பு:

...சரி, இதற்குப் பதில் யோசித்துவிட்டு வருகிறேன். டீ குடிக்கணும்.

கூடைக்காரன்:

அந்தத் தனிமடல் அனுப்பியது நான்தான். இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. நேற்றிரவே முடிவெடுத்துவிட்டேன், குழிச் சரக்கு வேண்டாம். சாதாரண ஈ.டி. ஒன்று இங்கேயே ஒருவரிடம் கைக்கு வந்தது, அவர் கேட்டது ஒரு பிரியாணி விலை. ஆனால் இயந்திரத்தில் செருகினால் படம் வரவில்லை, கறுப்புத் திரைதான். ராஜாமணி சார் கொஞ்சம் பாருங்கள்.

ரோம்சிப் ராஜாமணி:

சிப் போயிருக்காது, பயப்படாதே. கார்ட்ரிட்ஜின் அடிப்பக்கம் தூசி தட்டாமல் இருக்க ஸ்பிரிங் வைத்த ஒரு மூடி இருக்கும். செருகும்போது அது பின்வாங்கினால்தான் பலகையின் முனை வெளியே வரும். பழசில் அது இறுகிவிடும். மெல்ல அழுத்திப் பார். நகர்ந்தால் காதுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து, பித்தளை நிறத்தில் தெரிகிற பின்களைத் துடை. குச்சி கறுப்பாக வரும், வெள்ளையாகும் வரை துடை. வாயால் ஊதாதே, எச்சில் பட்டால் துரு. நகரவே இல்லை என்றால் பிரிக்க வேண்டும், ஸ்க்ரூ லேபிளுக்குக் கீழே ஒளிந்திருக்கும். முதலில் விரலால் லேபிளைத் தடவிப் பார், பள்ளம் தட்டுப்படும். ஹேர்டிரையரில் லேசாகச் சூடு காட்டி, அந்த ஓரத்தை மட்டும் தூக்கு. முழுசாகக் கிழித்துவிட்டு என்னிடம் வராதே.

கூடைக்காரன்:

வந்துவிட்டது சார்! பிரிக்கத் தேவைப்படவில்லை, நாலு காதுக்குச்சியில் முடிந்தது. ரொம்ப நன்றி. இரண்டு மணி நேரமாக விளையாடுகிறேன். விளையாடுகிறேன் என்றா சொல்வது, குழியில் விழுகிறேன், ஏறுகிறேன், திரும்ப விழுகிறேன்.

ஜாய்ஸ்டிக் ஜம்பு:

பட்டனை அழுத்தினால் ஈ.டி.யின் கழுத்து நீளும். அழுத்தியபடியே ஸ்டிக்கை மேலே தள்ளுங்கள், மிதந்து வரும். மேலே வந்தபின் விளிம்பில் தலை பட்டாலும் மறுபடி உள்ளேதான்.